சீசாவில் உள்ள பெப்டைடு தோலில் நிலைக்குமா?

முகச் சுருக்கத்தைக் குறைப்பதாகச் சொல்லும் சீரம், க்ரீம் டப்பாக்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் பெயர் பெப்டைடு. சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. தோல் செல்களைத் தூண்டிக் கொலாஜனைப் பெருக்கும் என்பதே இவற்றில் பலவற்றின் வாக்குறுதி. அதற்கு ஆய்வக அடிப்படை உண்டு. கொலாஜனின் முன்னோடிப் புரதத்தில் உள்ள ஐந்து அமினோ அமிலத் துண்டு ஒன்று, வளர்ப்புத் தட்டிலிருந்த செல்களைக் கூடுதலாகக் கொலாஜன் சுரக்கவைத்தது என்று 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் தட்டில் பெப்டைடு நேரே செல்லைத் தொடுகிறது, முகத்தில் தொடுவதில்லை. அதனால் ஒரு பெப்டைடு என்ன செய்யும் என்பதற்கு முன்பே, அது தோலுக்குள் சிதையாமல் போய்ச் சேருமா என்று கேட்டாக வேண்டும்.

தடைகள் இரண்டு. மேலே இறந்த செல்களும் கொழுப்பும் அடுக்கிய படலம். உள்ளே புரதங்களை வெட்டும் நொதிகள். நொதிகளின் வேகத்தை அறிய, தோலை அரைத்துச் சாறெடுத்து, அதில் பெப்டைடைக் கலந்து உடல் வெப்பத்தில் வைப்பார்கள். குறித்த நிமிடங்களில் கொஞ்சம் எடுத்து, முழுதாக எஞ்சியிருப்பது எவ்வளவு என்று அளப்பார்கள். ஊடுருவலை அறிய, இரண்டு கண்ணாடி அறைகளுக்கு நடுவே தோல் துண்டைப் பொருத்தி, பிறகு ஒவ்வோர் அடுக்கையும் பிரித்துச் சோதிப்பார்கள். மேற்சொன்ன பெப்டைடை முடியில்லா எலியின் தோலில் கொரிய ஆய்வாளர்கள் இப்படிச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். வெறும் பெப்டைடு எந்த அடுக்கிலும் தென்படவில்லை. பால்மிடிக் என்ற கொழுப்பு அமிலத்தை இணைத்த வடிவம் தோலில் தங்கியது. சாற்றில் அதுவும் சிதைந்தது, ஆனால் மெதுவாக. தங்கியதில் பெரும்பங்கு மேலடுக்குகளில்தான். கொலாஜன் உருவாகும் உள்தோலை எட்டியது மிகச் சொற்பம்.

அரைத்த தோல் உயிருள்ள தோலாகுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. அரைக்கும்போது செல்லுக்குள் அடைபட்டிருந்த நொதிகளும் வெளியே வந்துவிடும்; சிதைவு கூடுதலாகத் தெரியும். ஆனாலும் ஒரே சாற்றில் இரண்டு வடிவங்களை வைத்தால் எது அதிகம் தாங்குகிறது என்பது தெளிவாகிவிடும். இன்னொரு ஆட்சேபம்: மனிதர்களிடமே பலன் தெரிந்தால் இந்தச் சோதனை எதற்கு? கொழுப்பு சேர்த்த வடிவத்தைப் பத்து லட்சத்தில் 3 பங்கு மட்டுமே கலந்த க்ரீமை 93 பெண்கள் 12 வாரம் முகத்தின் ஒரு பாதியிலும், பெப்டைடு இல்லாத அதே க்ரீமை மறுபாதியிலும் பூசிய ஆய்வு 2005இல் வெளியானது. மெல்லிய சுருக்கங்கள் குறைந்ததாக அது சொன்னது. அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சான்று அந்த வடிவத்துக்கும் அந்தக் கலவைக்கும் மட்டுமே உரியது. பெயரில் பெப்டைடு உள்ள எல்லாவற்றுக்கும் அதைக் கடன் கொடுக்க முடியாது.

சீசாவில் பொருள் கெடாது என்பதற்குத் தயாரிப்பாளர்கள் சோதனை செய்கிறார்கள். விற்கும் அதே கலவையில், மனிதத் தோலில், பெப்டைடு எவ்வளவு நேரம் தாங்குகிறது, எந்த அடுக்கில் எவ்வளவு சேர்கிறது என்பதையும் அவர்கள் வெளியிட வேண்டும். கூடுதல் விலை கேட்பவர்களிடம் இந்த இரண்டு எண்களைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.