கிராபிக்ஸ் கார்டு பல பூட்டிய கணிப்பொறி நிலைகுலைவது ஏன்?

ஒரே கணிப்பொறியில் ஆறு கிராபிக்ஸ் கார்டுகளைப் பூட்டி, இரவும் பகலும் ஓயாது ஓடவிடும் வழக்கம் கிரிப்டோ நாணயங்களால் உலகெங்கும் பரவிற்று. 2015 சூலைத் திங்களில் எத்தீரியம் வலையம் தோன்றியது முதல் 2022 செப்டம்பர் 15 வரை, அதன் நாணயமாகிய ஈதரை ஈட்டுவதற்குப் பெரும்பாலும் இத்தகைய பொறிகளே பயன்பட்டன. இச்செயலை ஆங்கிலத்தில் ‘மைனிங்’ என்பர். தமிழில் அகழ்வு என்று வழங்கத் தொடங்கியுள்ளனர். உண்மையில் இதில் அகழப்படும் பொருள் எதுவுமில்லை. விடை கிடைக்கும் வரை ஒரே கணக்கைக் கோடிக்கணக்கான முறை போட்டுப் பார்ப்பதே நடைபெறுகிறது. சொல் பொருத்தமற்றதாயினும் நிலைத்துவிட்டமையால் நாமும் அதனையே ஆள்கிறோம்.

மேற்கூறிய நாளில் எத்தீரியம் அகழ்வு முறையைக் கைவிட்டது. ஆயினும் பொறிகள் மறைந்துவிடவில்லை. சில, எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின் முதலிய நாணயங்களின் பக்கம் திரும்பின. பல கார்டுகள் பழம்பொருளாகச் சந்தைக்கு வந்தன. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கும் அசைபடம் உருவாக்குவதற்கும் பல கார்டுகளை ஒருங்கே பூட்டுவோர் இன்று உளர். அவர்கள் அனைவரும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றே: மூன்று மணி நேரம் செம்மையாக ஓடிய பொறி திடுமென உறைந்து நிற்கிறது, அல்லது ஆறு கார்டுகளுள் ஒன்று காணாமற் போகிறது, அல்லது பொறி தானே அணைந்து மீண்டும் எழுகிறது.

இந்நிலையில் உரியவர் முதலில் கூறுவது, ‘கார்டு போய்விட்டது’ என்பதேயாகும். நல்ல கார்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கிப் பூட்டிய பின்னரும் அதே குறை நீடிக்கக் காண்பவர் பலர். குறை வெளிப்படும் இடம் வேறு. குறை பிறக்கும் இடம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பொறி எவ்வாறு விழுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். முழுப்பொறியும் ஒரே நொடியில் அணையுமாயின் மின்சாரத்தை ஐயுறலாம். ஒரு கார்டு மட்டும் மறையுமாயின், அதனைத் தாங்கும் ரைசரையோ அக்கார்டின் வேக அமைப்பையோ ஐயுறலாம். விண்டோஸ் தன் நிகழ்வுப் பதிவேட்டில் இவற்றைக் குறித்து வைக்கிறது. 4101 என்னும் எண், கார்டின் டிரைவர் மறுமொழி தராது நின்று பின்னர் மீண்டதைக் காட்டும். 41 என்னும் எண், பொறி முறைப்படி அணைக்கப்படாமல் நின்றதை மட்டுமே காட்டும். மின்வழங்கியே குற்றவாளி என்று அதனைக்கொண்டு தீர்ப்பளித்தல் தவறு. லினக்சில் என்விடியா கார்டுகளுக்கு எக்ஸ்ஐடி 79 என்னும் குறிப்பு வருமாயின், கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இருந்த தொடர்பே அற்றது என்பது பொருள்.

இனி மின்சாரம். நிலைகுலைவுகளுள் பெரும்பாலானவை இங்கேதான் வேர்கொண்டுள்ளன என்பது நம் கருத்து. தீங்கு மிகுந்ததும் இதுவே. ஆதலின் சற்று விரித்துரைப்போம். ஒரு கார்டு 130 வாட் உண்பதாகக் கொள்வோம். ஆறு கார்டுகளுக்கு 780 வாட். மதர்போர்டு, செயலி, விசிறிகள் ஆகியவற்றுக்கு 100 வாட் சேர்த்தால் 880 ஆகிறது. ‘1000 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறதே, போதாதா?’ என்று வினவலாம். இடையறாது ஓடும் பொறிக்கு, அறிவித்த அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுமத்தாதிருப்பதே நன்று. அக்கணக்கில் 1000 வாட் வழங்கி 800 வாட்டே தாங்கும். 1200 வாட் வழங்கியே இதற்கு ஏற்றது. மேலும் கார்டுகள் உண்ணும் மின்சாரம் ஆற்றுநீர்போல் சீராக ஓடுவதன்று. நொடியின் மிகச்சிறு பகுதியில் சராசரியைக் காட்டிலும் பன்மடங்கு ஏறி இறங்கும். அந்த ஏற்றம் பல கார்டுகளில் ஒருங்கே நேருங்கால், வழங்கியின் காப்பமைப்பு பொறியை அணைத்துவிடுகிறது. மூன்று மணி நேரம் ஓடியதே என்னும் வியப்புக்கு இது ஒரு விடையாகும்.

மொத்த அளவு போதியதாயினும், அது பகிர்ந்து செல்லும் வழி பிழைபடலாம். கார்டு பொருந்தும் பள்ளத்தின் வழியாக 75 வாட் வரை பெறலாம் என்பது விதி; அதில் 12 வோல்ட் தடத்தில் மட்டும் 66 வாட். எட்டு முனைச் செருகி 150 வாட்டும், ஆறு முனைச் செருகி 75 வாட்டும் தரவல்லவை. பள்ளத்தின் பங்கை ரைசர் தன் தனிச் செருகி வழியே பெறுகிறது. அதனை சாட்டா செருகியில் இணைப்போர் பலர். சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள் உண்டு, முனைக்கு 1.5 ஆம்பியர், ஆக 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 66 கேட்கும் வாய்க்கு 54 தரும் குழாய்! ஒரே சாட்டா கம்பியில் இரு ரைசர்களைத் தொடுத்தல் இன்னும் கொடிது. முனைகள் சூடேறி, பிளாஸ்டிக் உருகி, தீப்பிடிக்கவும் கூடும். எனவே பொறி நிலைகுலையுமாயின், மென்பொருளைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, செருகிகளைக் கழற்றி, கருகிய நிறமோ தீய்ந்த மணமோ உண்டா எனக் காண்க. கருகியதை மீண்டும் செருகலாகாது. ரைசருக்கு ஆறு முனைச் செருகியே ஏற்றது. ஒரு கம்பியில் ஒரு ரைசர் என்பது நல்ல வழக்கு.

இரண்டு எஸ்.எம்.பி.எஸ். பூட்டியவர்கள், ஒரு கார்டும் அதன் ரைசரும் ஒரே வழங்கியிலிருந்து மின்சாரம் பெறுமாறு அமைத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்து வழங்கியின் கழற்றத்தக்க கம்பியை மற்றொன்றில் செருகுதல் கூடாது. செருகி பொருந்தினும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். ஒரே நொடியில் கார்டுகள் கருகிவிடும்.

அடுத்து ரைசர். தொலைவில் நிற்கும் கார்டை மதர்போர்டின் சிறு பள்ளத்தோடு இணைக்கும் மலிவான பலகை இது. இதன் கம்பி யு.எஸ்.பி. 3.0 கம்பியே; ஆனால் அதில் ஓடுவது யு.எஸ்.பி. குறிகையன்று. கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையில் இதனைச் செருகுவோரும் உளர். அது பழுதுக்கே வழி. விலை குறைந்த உறுப்பாதலின் குறையும் இதில் மிகுதி. தளர்ந்த கம்பி ஒன்றே கார்டை மறையச் செய்யப் போதும். பயாசில் பள்ளத்தின் வேகத்தை முதல் அல்லது இரண்டாம் தலைமுறைக்குத் தாழ்த்தினால் தொடர்பு உறுதிப்படும். அகழ்வுக்கு அவ்வேகமே போதுமாதலின் இழப்பில்லை. ‘அபவ் 4ஜி டிகோடிங்’ என்னும் அமைப்பும் இயக்கப்பட்டிருத்தல் வேண்டும். சில மதர்போர்டுகளில் எம்.2 துளையில் வட்டு பூட்டினால் ஒரு பள்ளம் செயலிழக்கும். ஆறாவது கார்டு தெரியவில்லை என வருந்துவோர் கையேட்டைப் புரட்டுக.

கார்டின் வேகத்தைக் கூட்டி, மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவது அகழ்வோர் வழக்கம். ஒரே பெயருடைய இரு கார்டுகள் ஒரே அமைப்பைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. சான்றாக, ஆர்.எக்ஸ். 580 கார்டுகளில் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என வெவ்வேறு நிறுவனத்து நினைவகங்கள் உண்டு. நினைவக வேகம் மிகுந்தால் விடைகள் பிழைபடும். மின்னழுத்தம் மிகக் குறைந்தால் கார்டு விழும். ஆகவே குறை தேடுங்கால் எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்கே திருப்புக. அவ்வாறு திருப்பியதும் பொறி நிலைபெறுமாயின் பாதி வேலை முடிந்தது.

வெப்பத்தைப் பற்றி ஒன்று மட்டும் கூறுவோம். மையச் சில்லின் வெப்பம் தாழ்ந்திருக்க, நினைவகத்தின் வெப்பம் உயர்ந்திருக்கலாம். ஆர்.டி.எக்ஸ். 3080, 3090 கார்டுகளின் ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் நினைவகம் 110 பாகை செல்சியசை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

நின்றதெல்லாம் பழுதன்று. எத்தீரியம் கணக்குக்குத் தேவையான தரவுக்கோப்பு படிப்படியாக வளர்ந்து, 2020 இறுதியில் 4 ஜி.பி.யைக் கடந்தது, 4 ஜி.பி. கார்டுகள் அவ்வேலைக்குப் பயனற்றுப் போயின. அவற்றில் குறையேதுமில்லை. அதுபோன்றே விண்டோசில் மெய்நிகர் நினைவகம் போதாதபோது மென்பொருள் நின்றுவிடும். 8 ஜி.பி. கார்டு ஆறு இருப்பின், 48 ஜி.பி.க்குக் குறையாமல் ஒதுக்கி வைத்தல் நலம்.

இவ்வளவும் அறிந்த பின்னரும், ஒரே நாளில் ஐந்து மாற்றங்களைச் செய்தவருக்குக் குறை அகப்படாது. எது தீர்த்தது என்பதை அவர் அறியார். ஒரு கார்டு தவிர ஏனையவற்றைக் கழற்றுக. அதனை ஒரு முழுநாள் ஓடவிடுக. நின்றதாயின் மென்பொருளையும் மதர்போர்டையும் நோக்குக. நிலைத்ததாயின் நாளுக்கு ஒரு கார்டாகக் கூட்டுக. ஒவ்வொன்றையும் நாளும் நேரமும் இட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. எந்தக் கார்டைச் சேர்த்தாலும் ஐந்தாவதில் விழுமாயின், அது மின்சாரப் பற்றாக்குறை. குறிப்பிட்ட ஒரு கார்டு வரும்போதெல்லாம் விழுமாயின், அதன் ரைசரை நல்ல கார்டின் ரைசரோடு மாற்றுக. குறை ரைசரோடு சென்றால் குற்றம் ரைசருடையது. பள்ளத்திலேயே தங்கினால் மதர்போர்டுடையது. கார்டைத் தொடர்ந்தே சென்றால் அதன் மின்கம்பியையும் மாற்றிப் பார்க்க. திரையில் தோன்றும் எண்ணும் பள்ளத்தின் வரிசையும் ஒத்திருப்பதில்லை. ஆதலின் அக்கார்டின் விசிறியை மட்டும் மென்பொருள் வழியே விரைவாகச் சுழலவிட்டு, எது என்று கண்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டுக.

இவற்றுக்கும் தப்பிய கார்டை வேறொரு கணிப்பொறியின் பெரிய பள்ளத்தில் ரைசரின்றி நேரே பூட்டி, தொழிற்சாலை அமைப்பில் ஓட்டுக. அங்கும் விழுந்தால் மட்டுமே அதனைப் பழுது எனக் கொள்ளலாம். பழைய கார்டு வாங்கும் மாணவரும் பணம் கொடுக்குமுன் இச்சோதனையைக் கேட்டுப் பெறலாம்.