விளக்கு ஏன் தயங்குகிறது?



பொழுது விடியுமுன் மரம் சீவப் புறப்படுகிறவர்களுக்குத் தலைவிளக்குதான் கண். பொத்தானை அழுத்தியவுடன் எரியவேண்டிய அந்த விளக்கு, சில வேளைகளில் இரண்டு மூன்று வினாடிகள் மங்கலாக நின்றுவிட்டு, பிறகுதான் முழு வெளிச்சம் தருகிறது. "எரிகிறதே, போதும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். அல்லது, "விளக்கு கெட்டுவிட்டது" என்று புதிதாக ஒன்றை வாங்கிவிடுகிறோம். இரண்டும் சரியல்ல. இன்று தயங்குகிற விளக்கு நாளை நிரையின் நடுவே அணைந்து போகலாம். ஆனால், பெரும்பாலும் குறை விளக்கில் இருப்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்று இன்று பார்ப்போம்.

பழைய டார்ச் லைட்டில் மின்கலம், பொத்தான், பல்பு ஆகிய மூன்றும்தான் இருந்தன. இப்போது பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. வந்துவிட்டது. வெள்ளை எல்.இ.டி. நன்றாக ஒளிர ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஆனால் ஒரு புதிய உலர் மின்கலம் தருவது 1.5 வோல்ட்தான். ஒரே மின்கலம் போடுகிற விளக்குகளில் இந்த 1.5 வோல்ட்டை உயர்த்தித் தருவதற்கென்றே உள்ளே ஒரு சிறிய மின்சுற்று வைத்திருக்கிறார்கள்.

அது எப்படி உயர்த்துகிறது? குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது சட்டென்று மூடிப்பாருங்கள். குழாய் "டக்" என்று அதிரும். ஓடிக்கொண்டிருந்த நீர் நிற்க மனமில்லாமல் முட்டுவதால் அந்த ஒரு நொடி அழுத்தம் கூடுகிறது. இந்தச் சுற்றிலும் அதுவே நடக்கிறது. ஒரு கம்பிச்சுருளில் மின்சாரத்தை ஓடவிட்டு, ஒரு டிரான்சிஸ்டர் அதைச் சட்டென்று நிறுத்துகிறது. அப்போது எழும் கூடுதல் மின்னழுத்தம் ஒரு டையோடு வழியாகச் சென்று மின்தேக்கியில் சேருகிறது. வினாடிக்குப் பல்லாயிரம் முறை இவ்வாறு நடப்பதால் எல்.இ.டி.க்கு வேண்டிய 3 வோல்ட் கிடைத்துவிடுகிறது.

ஆனால் நேயர்களே, எதுவும் இனாமாகக் கிடைப்பதில்லை. எல்.இ.டி. 3 வோல்ட்டில் 0.1 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானால், 1.5 வோல்ட் மின்கலம் 0.25 ஆம்பியர் தரவேண்டும். அதே மின்கலம் தளர்ந்து 1 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய 0.38 ஆம்பியர் தரவேண்டும். அதாவது, மின்கலம் மெலிய மெலிய அதன் தலையில் சுமை கூடுகிறது. விளக்கை ஏற்றும் கணத்தில் வெறுமையான மின்தேக்கியையும் நிரப்பவேண்டியிருப்பதால் சுமை இன்னும் அதிகம்.

இன்னொரு செய்தியும் உண்டு. இத்தகைய சுற்றுகள் பலவும் வேலை தொடங்குவதற்கு 0.9 வோல்ட் அளவாவது வேண்டும். தொடங்கிவிட்டால், தான் உயர்த்திய மின்சாரத்திலிருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, அதற்குக் குறைவான வோல்ட்டிலும் ஓடும். ஆகவே, தொடங்கும்போது தயங்கி, பிறகு நன்றாக எரிந்தால், சுற்று நலமாக இருக்கிறது, அதற்குப் போதிய மின்சாரம் வந்து சேரவில்லை என்றே முதலில் எண்ணவேண்டும்.

இனி, சோதிக்கும் முறையை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் மின்கலம். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த புதிய மின்கலத்தைப் போட்டுப் பாருங்கள். தயக்கம் நீங்கினால் சோதனை முடிந்தது. சாதாரண மின்கலத்தைவிட ஆல்கலைன் மின்கலம் இத்தகைய சுமையை நன்றாகத் தாங்கும். இரண்டு மின்கலம் போடும் விளக்கானால் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

அடுத்து, மின்கலம் தொடுகிற இடங்கள். ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் துருவோ வெள்ளைப் பூச்சோ படிந்திருந்தால் அங்கே மின்தடை உண்டாகிறது. அது 1 ஓம்தான் என்றாலும், 0.5 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் அங்கேயே போய்விடும். 1.5 வோல்ட் 1 வோல்ட்டாகிவிடும்! பென்சில் ரப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஆல்கலைன் மின்கலம் கசிந்து படிந்த வெள்ளைப் பூச்சை, சில துளி வினிகர் தொட்ட துணியால் துடைத்து நன்கு உலரவிடலாம். அந்தக் கசிவு கையிலும் கண்ணிலும் படக்கூடாது. கையுறை அணிவது நல்லது.

மூன்றாவது, பொத்தானும் கம்பியும். பொத்தானைப் பத்துத் தடவை அழுத்தியபின் விளக்கு சுறுசுறுப்பாக எரிந்தால் பொத்தானுக்குள்தான் அழுக்கு. மின்கலப் பெட்டியை இடுப்பில் கட்டி, மெல்லிய நீளக் கம்பியால் தலைவிளக்கோடு இணைத்திருந்தால், அந்தக் கம்பியும் மின்சாரத்தை விழுங்கும். கம்பியைக் குறுக்குங்கள், அல்லது தடித்த கம்பியாக மாற்றுங்கள்.

மீட்டர் வைத்திருக்கிற இளைஞர்களுக்கு ஒரு சொல். விளக்கு அணைந்திருக்கும்போது அளந்தால் தளர்ந்த மின்கலமும் 1.4 வோல்ட் காட்டி ஏமாற்றும். பொத்தானை அழுத்தும் அந்த நேரத்தில் அளக்கவேண்டும். மின்கலத்தின் முனைகளிலேயே வோல்ட் விழுந்தால் மின்கலம் குற்றவாளி. முனைகளில் 1.4 இருந்து, சுற்றுப்பலகையில் 0.9 மட்டுமே இருந்தால் இடைப்பட்ட வழியில் குறை. இரண்டு இடத்திலும் சரியாக இருந்து, அப்போதும் விளக்கு தயங்கினால்தான் மின்தேக்கியையும் பற்றவைப்புகளையும் சந்தேகிக்கவேண்டும். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

செய்யக்கூடாதவையும் இரண்டு உண்டு. தீர்ந்த மின்கலத்தை அடுப்பருகே சூடாக்கி உயிரூட்ட முயலாதீர்கள். அது கசியலாம், வெடிக்கவும் கூடும். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று 3.7 வோல்ட் லித்தியம் மின்கலத்தை 1.5 வோல்ட் விளக்கில் போடாதீர்கள். சுற்றும் எல்.இ.டி.யும் கருகிப்போகலாம்.

இந்தச் சோதனைகளை இரவிலேயே, வீட்டு வெளிச்சத்தில் செய்துவிடுங்கள். துடைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். காசைக் கொடுத்துப் புது விளக்கு வாங்குமுன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடுவோம். கையில் ஒரு மாற்று மின்கலமும் இருக்கட்டும். இருட்டிலே பாம்பையும் பள்ளத்தையும் காட்டவேண்டிய விளக்கு, கேட்ட உடனே எரியவேண்டும்.