சக்கரத்தைச் சுமக்கும் காற்று

மிதிவண்டியில் செல்பவனைச் சுமப்பது எது? இரும்பு என்பர் சிலர். ரப்பர் என்பர் சிலர். உண்மையில் அவனைச் சுமப்பது டியூபினுள் அடைபட்ட காற்றேயாகும். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக விளங்கிய டன்லப், 1888ஆம் ஆண்டில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். வண்டியின் குலுக்கல் குறைந்தது. பஞ்சர் என்னும் தொல்லையும் உடன்பிறந்தது.

ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு முறைவேலைக்கு விரையும் தொழிலாளிக்கும், கிருஷ்ணகிரிச் சிற்றூர்களிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவனுக்கும் அத்தொல்லை சிறிதன்று. ஒருவருக்குக் கூலி குறையும். மற்றவருக்குத் தேர்வு தவறும்.

காற்று எவ்வளவு வேண்டும்? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பின்சக்கரத்தின்மேல் 40 கிலோ, அதாவது 88 பவுண்டு சுமை இருப்பதாகக் கொள்வோம். காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 44 பவுண்டு எனின், டயர் ஏறத்தாழ 2 சதுர அங்குலம் தரையில் பதியும். அழுத்தம் பாதியானால் 4 சதுர அங்குலம் பதியும். பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு சுமை இருமடங்கானாலும் விளைவு இதுவே. அவ்வாறு அமுங்கிய டயர் ஜல்லிக் கல்லின்மேல் ஏறும்போது, கல்லுக்கும் ரிம் என்னும் இரும்பு வளையத்திற்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு வெட்டுகள் விழும். ஒரே துளையாயின், பெரும்பாலும் அது முள்ளின் வேலை. டியூபைக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி இன்னதென விளங்கும்.

அப்படியானால் காற்றை அளவின்றி ஏற்றலாமோ? கூடாது. மிகை அழுத்தத்தால் டயர் விறைக்கும், உடல் குலுங்கும், பிடிப்பும் குறையும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டலாகாது. அவ்வெல்லைக்குள், சுமை மிகுந்த பின்சக்கரத்திற்கு முன்சக்கரத்தைவிடச் சற்று மிகுதியாகக் காற்று வேண்டும்.

வெயில் நாளில் டயர் வெடிக்குமென்று அஞ்சிக் காற்றைக் குறைப்போர் உண்டு. ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூரில், குளிர்ந்த காலையில் 20 பாகையில் 44 பவுண்டு அடைத்த டயர், பிற்பகலில் 40 பாகைக்குச் சூடேறினாலும் அழுத்தம் 4 பவுண்டளவே மிகும். பழுதற்ற டயர் இதைத் தாங்கும். வெயிலுக்கு அஞ்சிக் காற்றைக் குறைப்பவர் பஞ்சரை வரவேற்பவராவர்.

பஞ்சர் இல்லாவிடினும் ரப்பரின் வழியே காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். எனவே வாரம் ஒருமுறை அளவு பார்த்துக் காற்றடித்தல் நன்று. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது மதிப்பீடே. அளவி காட்டுவதே அளவு.