மிதிகட்டையும் பெருவிரல் வாதமும்

ஆரணியில் குழித்தறி முன் அமர்ந்து வேலை செய்யும் நெசவாளர் எவருக்கேனும் காலில் வலி கண்டால், அதற்கு மிதிகட்டையே காரணம் என்று கொள்வது வழக்கமாக இருந்து வருகிறது. பல வலிகளுக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் இரவில் நலமாகப் படுத்தவர், விடியுமுன்னர்க் கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து, பருத்து, நெருப்பெனக் காந்த, போர்வையின் நுனி படுவதையும் பொறுக்கமாட்டாமல் விழித்தெழுவாராயின், அந்நோயின் இருப்பிடம் தறியன்று, அவருடைய இரத்தமே. மேனாட்டு வைத்தியர் இதனைக் ‘கவுட்’ என்பர். நம் பக்கத்தில் வாதம் என்னும் பொதுச் சொல்லுக்குள் இதுவும் அடங்கிப் போவதால், முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் இந்நோயாளிக்கும் ஒரே தைலமும் ஒரே பத்துமே கிடைக்கின்றன. மிதிக்கும் கால் ஓய்ந்தால் தறி ஓயும். தறி ஓய்ந்தால் கூலி நிற்கும். ஆதலின் இதன் தன்மையைச் சற்று விரித்தே எழுத முற்பட்டோம்.

நம் உடலில் பழைய உயிரணுக்கள் அழியும்போதும், உண்ட உணவு செரிக்கும்போதும், பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. பாலூட்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கு இவ்வமிலத்தை மேலும் சிதைத்து எளிதில் கழியச் செய்யும் நொதியொன்று உண்டு. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அது வாய்க்கவில்லை. நமக்குள்ள வழி, மூன்றில் இரு பங்கைச் சிறுநீரகமும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுவதே. பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர்கள் இங்கு ஒன்று அறிந்து மகிழலாம். புழுவின் தோல் பால்போல் வெளுத்திருப்பது, இதே யூரிக் அமிலத் துகள்கள் அதன் தோலில் செறிந்திருப்பதனாலேயாம். அவ்வாறு சேர்க்கமாட்டாத பிறவிக் குறையுடைய புழுக்கள் எண்ணெய் தடவிய தாள்போல் ஒளி ஊடுருவும் தோலுடன் காணப்படும். புழுவுக்கு இயல்பாய் அமைந்தது நமக்கு இடராகிறது.

100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரையில்தான் இவ்வமிலம் கரைந்து நிற்கும். அதற்கு மேற்பட்டு நெடுநாள் தங்குமாயின் ஊசிபோன்ற படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்கும். பாகில் தொங்கவிட்ட நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு விளைவதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இது வெறும் உவமையன்று. 1854-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஆல்பிரட் காராட் என்பார், நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் சிறிது அமிலம் கலந்து, அதில் சணல்நார்த் துணியின் இழை ஒன்றிரண்டை இட்டு வைத்தார். ஓரிரு நாளில் அவ்விழைமேல் யூரிக் அமிலப் படிகங்கள் ஒட்டி நின்றன. நெசவாளர் வாழும் ஊரில் எடுத்துச் சொல்லத்தக்க சோதனை! உடலில் குளிர்ந்த இடங்களில் படிவு எளிது; பெருவிரல் முதலில் தாக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்நோய் மக்களை ஏமாற்றும் விதம் ஒன்றுண்டு. எந்த வைத்தியமும் செய்யாவிடினும் முதல் தாக்குதல் ஒரு வாரம் அல்லது இரு வாரங்களில் தானே அடங்கிவிடும். ஆகவே அடங்கும் நாளில் கையில் எது இருந்ததோ, பத்தோ, மந்திரித்த கயிறோ, கடையில் பொட்டலமாக மடித்துக் கொடுத்த மாத்திரையோ, அதற்கே புகழ் சேர்கிறது. வலி போயிற்றேயன்றிப் படிகம் போகவில்லை. சில திங்களோ ஓராண்டோ கழித்து மறுபடி வரும். பிறகு கணுக்கால், முழங்கால், கைவிரல் என இடம் பரவும். அப்பொட்டலங்களில் உள்ள வலிநீக்கி மாத்திரைகளை வைத்தியர் அறியாது அடிக்கடி விழுங்கினால், அமிலத்தைக் கழிக்கவேண்டிய சிறுநீரகமே கெடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. இன்னொன்று: தாக்குதல் நடக்கும் நாளில் இரத்தத்தைச் சோதித்தால் அளவு சரியாக இருப்பதுபோலக் காட்டுவதுண்டு. நோய் தணிந்து இரண்டு வாரங்கள் சென்றபின் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். அளவு மிகுந்திருந்தும் வலியே காணாதவர்கள் பொதுவாக மருந்து உண்ண வேண்டுவதில்லை.

இனி ஆகாரம். நோயின் பெயரைக் கேட்டதும் வீட்டிலுள்ளோர் செய்யும் முதற்காரியம் பருப்பையும் கீரையையும் நிறுத்துவதே. இது வீண் தண்டனை. அமெரிக்காவில் 47,000-க்கு மேற்பட்ட ஆடவரைப் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாமிசமும் கடல் மீனும் மிகுதியாக உண்டோரிடம் நோய் மிகுந்தது. பியூரின் செறிந்த காய்கறிகளால் மிகவில்லை. பால் பொருள்களை உண்டோரிடம் குறைந்திருந்தது. ஆகவே சாம்பாரும் கீரைக் கூட்டும் இருக்கட்டும். குறைக்க வேண்டியவை ஈரல், குடல், மூளை முதலிய உறுப்புகள், ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி, அவற்றின் கருவாடு ஆகியன. கறியை வேகவைத்த சாற்றிலும் பியூரின் இறங்கிவிடும். சதையை ஒதுக்கிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்வதால் பயனில்லை. மதுவகை எல்லாம் தீது. பீர் மிகத் தீது. இனிப்பூட்டிய புட்டிப் பானங்களும் அமிலத்தை உயர்த்தும். அரிசியில் பியூரின் குறைவுதான் எனினும், உடற்பருமனும் இந்நோயைத் தூண்டுவதால் அளவறிந்து உண்ண வேண்டும். எடையை மெல்லக் குறைத்தல் நன்று. பட்டினி கிடந்து குறைத்தால் அதுவே தாக்குதலை வருவிக்கும். மோரைப் பற்றி நமக்குத் தயக்கமேயில்லை. கொழுப்பு நீக்கிய மோர் வாதத்தைக் கூட்டும் என்பாருக்கு மேற்சொன்ன ஆராய்ச்சியே விடை.

தண்ணீர் குடிப்பதை நாம் தனியே வற்புறுத்த விரும்புகிறோம். தீபாவளிக்கு முந்திய திங்களில் சேலையை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில், எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரையே தவிர்த்துக் குழியில் நாள் முழுதும் அமர்வோர் பலர். பண்டிகையன்று கறியும் மதுவும் சேர்கின்றன. நீர் வற்றிய உடலில் அமிலம் செறிந்திருக்க, விருந்து வந்து பொறி வைக்கிறது. தறியருகே ஒரு செம்பு நீர் வைத்து, இடையிடையே எழுந்து நடப்பது கூலியைக் குறைத்துவிடாது. வெயிலில் நிலக்கடலைக் கொல்லையில் வேலை செய்வோர்க்கும் இது பொருந்தும். சிறுநீரக நோயாலோ இருதய நோயாலோ நீருக்கு அளவு விதிக்கப்பெற்றோர் மட்டும் அவ்விதியை மீறலாகாது.

எனினும் பத்தியம் ஒன்றாலேயே எல்லாம் சரியாகும் என்று சொல்வது உண்மையாகாது. கடும் பத்தியத்தால் குறைவது பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவே. 9-இல் இருப்பவர் 8-க்கு வருவார், படிகம் கரையாது. அடிக்கடி தாக்கப்படுவோரும், தோலடியில் சுண்ணாம்புபோன்ற கட்டிகள் கண்டோரும் 6-க்குக் கீழே இறக்கியாக வேண்டும். அதற்குரிய அலோபியூரினால் 1966 முதல் வழக்கில் உள்ளது. அதனை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அடங்குவர். சிறிய அளவில் தொடங்கி, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து உயர்த்தி, ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டிய மருந்து அது. தொடங்கிய சில திங்களில், படிகம் கரையும்போது, வலி மீண்டும் எழுவதுண்டு. ‘மருந்தே நோயைக் கிளப்பிற்று’ என்று பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். வலிக்காக நிறுத்தலாகாது. தோலில் தடிப்போ கொப்புளமோ கண்டால் மட்டும் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்ல வேண்டும். இரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போர் அதனையும் தெரிவிக்க வேண்டும். அவற்றுட் சில அமிலத்தை உயர்த்துவன.

அத்தொடக்க மாதங்களில் வலியைத் தடுக்கச் சிறு அளவில் கொடுக்கும் கால்சிசின் என்னும் மருந்து, நம் மாநில மலரான செங்காந்தளிலும் உள்ளது. தாராபுரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் பயிரிட்டு, அதன் விதையை ஏற்றுமதி செய்கின்றனர். இதைக் கேட்டு, வேலியில் படர்ந்த கலப்பைக் கிழங்கைத் தாமே அரைத்து உண்ண எவரும் துணிய வேண்டா. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே அதில் இடைவெளி மிகக் குறைவு; அக்கிழங்கை உண்டு மாண்டோர் உண்டு.

தாக்குதல் நேரும் நாளில் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒற்றடமிட்டு, அன்றே அரசினர் மருத்துவமனைக்குச் செல்க. உருவிவிடுதல் ஆகாது, சூட்டு ஒற்றடமும் ஆகாது. மூட்டு வீக்கத்தோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அது சீழ் பிடித்ததாகவும் இருக்கக்கூடும். மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தால்தான் தெளிவாகும். வீக்கம் முற்றும் வடியும் வரை அக்கால் மிதிகட்டையில் படலாகாது.