உங்களுக்குத் தெரியுமா? ‘நீ’ போட்டால் உதை!

ஆங்கிலத்தில் மரியாதையே கிடையாது, ராஜாவுக்கும் ‘யூ’, ரிக்‌ஷாக்காரருக்கும் ‘யூ’ என்கிறீர்களா? ஒரு காலத்தில் அப்படி இல்லை! நெருங்கியவருக்கும் கீழே உள்ளவருக்கும் ‘தௌ’. பெரியவர்களுக்கு ‘யூ’!

அட, இது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது இதோ: ‘தௌ’ ஒரு வினைச்சொல்லும்கூட! ஒருவரை ‘தௌ’ செய்தால், ‘நீ’ போட்டுப் பேசினீர்கள் என்று அர்த்தம். நாம் இத்தனை சொல்லில் சொல்வதை ஒரே அசையில் முடித்துவிட்டார்கள்!

1603 நவம்பர் 17. வின்செஸ்டர் நகரம். ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் நிற்பவர் சர் வால்டர் ராலே. எலிசபெத் ராணியின் செல்லப்பிள்ளையாக வலம் வந்தவர்! அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக்குக்கு வந்ததே கோபம். ‘உனக்கு “நீ”தான்டா, துரோகி’ என்கிற தொனியில் பாய்ந்தார். அந்தக் குட்டி வசவின் ஆங்கில மூலத்தில் ‘தௌ’ ஒருமுறை வினை, ஒருமுறை பிரதிப்பெயர்!

தீர்ப்பு? மரண தண்டனை. தலை உருண்டது எப்போது தெரியுமா? 15 வருடம் கழித்து, 1618இல்!

ஷேக்ஸ்பியரும் விடவில்லை. ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் சண்டைக்கு அழைத்து ஒருவன் கடிதம் எழுதப் போகிறான். எதிராளியை மூன்று தடவை ‘தௌ’ செய், தப்பில்லை என்று அவனுக்கு யோசனை சொல்கிறார் ஒரு குடிகார சர்!

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இன்னும் ஒரு படி மேலே. கடவுள் முன் எல்லாரும் சமம், ஆகவே நீதிபதிக்கும் ‘தௌ’தான்! அடியும் உதையும் வாங்கினார்கள், மாற்றிக்கொள்ளவில்லை. 1660இல் அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸும் கூட்டாளிகளும் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள். ஒருவருக்கு ‘தௌ’, பலருக்கு ‘யூ’ என்று நிரூபிக்க 20க்கும் மேற்பட்ட மொழிகளிலிருந்து உதாரணம்!

பின்னாளில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னும் குவேக்கர்தான். கடற்படைத் தளபதியான அப்பா நொந்துபோய் ஒரு சலுகை கொடுத்தாராம். யாரை வேண்டுமானாலும் ‘தௌ’ செய்துகொள், மூன்று பேரை மட்டும் விட்டுவிடு. மன்னர், மன்னரின் தம்பி, அப்புறம் பெற்ற அப்பா!

ஆங்கிலத்தில் இந்த வினை வழக்கொழிந்துவிட்டது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதே வேலைக்கான வினைகள் இன்றும் சக்கைப்போடு போடுகின்றன. அதுமட்டுமா? ‘நீங்கள்’ போட்டுப் பேசுவதற்கும் அங்கே தனி வினை உண்டு!