வேரைத் தேடும் பிள்ளைகள்



தத்தெடுத்து வளர்க்கும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாமா, கூடாதா? குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது சில பெற்றோர் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி இது. "சொன்னால் எங்களை விட்டுப் போய்விடுவானோ, சாமி?" என்ற அச்சம் அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது.

இதைப் பற்றிச் சிந்திக்க இளையோருக்கான ஒரு நாவல் உதவுகிறது. கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் மிதாலி பெர்கின்ஸ் ஆங்கிலத்தில் எழுதிய 'மான்சூன் சம்மர்' 2004-இல் வெளிவந்தது. அதன் நாயகி ஜாஸ்மின், கலிபோர்னியாவில் வாழும் 15 வயதுப் பெண். அவளுடைய தாய், புனே நகரில் அருள்சகோதரிகள் நடத்திய அனாதை இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டவர். பல ஆண்டுகளுக்குப் பின், கர்ப்பிணித் தாய்மாருக்கான மருத்துவ மையம் ஒன்றைத் தொடங்க, கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தில் அதே இல்லத்திற்குத் திரும்புகிறார். விருப்பமின்றி உடன்வந்த ஜாஸ்மின் அங்கே காண்பது மூதாதையரின் வீட்டையோ சொத்தையோ அல்ல. தன் தாயை யாரோ அன்போடு ஏற்றுக்கொண்ட இடத்தை. நம் வேர் இரத்தத்தில் மட்டும் இல்லை, நம்மைத் தாங்கிய கரங்களிலும் இருக்கிறது என்பதை இக்கதை உணர்த்துகிறது.

நாம் நன்கறிந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) திரைப்படத்திலும், ஒன்பதாவது பிறந்தநாளில் அமுதாவிடம் பெற்றோரே உண்மையைச் சொல்கிறார்கள். பெற்ற தாயைத் தேடி அவளை இலங்கைக்கு அழைத்துச் செல்பவர்களும் அவர்களே. தாயைக் கண்ட பிறகு அவள் திரும்பி வருவது வளர்த்தவர்களோடுதான்.

நம் கொல்லிமலைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே மருத்துவமும் கல்வியும் வழங்கியவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற பாப்டிஸ்ட் சபைத் தம்பதியர். விஷக்காய்ச்சல் பரவிய காலத்தில், அதுவரை அவர்களை எதிர்த்துவந்த ஒரு பூசாரி, சாகும் தறுவாயில் தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அவளை ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அவர்களுடைய சொந்த மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்து, இம்மலையில் வளர்ந்து, ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சையால் மறுவாழ்வு தந்தார். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலால் இறந்தார். முதுமையிலும் மலைவாழ் மக்களுக்கு உழைத்த ஈவ்லின் 1974-இல் மறைந்து, இம்மலையிலேயே கணவர் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கே வளர்ந்த மகனுக்கும், இங்கே பிறவாத தாய்க்கும் இம்மண்ணே வேரானது.

நம் நாட்டின் 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் வேரைத் தேடும் உரிமையை ஏற்கின்றன. 18 வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதினர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். எல்லாத் தேடலும் பெற்றவரைக் கண்டடைவதில் முடிவதில்லை. ஆனால் தேடுவது நன்றிகெட்ட செயல் அல்ல.

நற்செய்தியைப் பாருங்கள். பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலில், தம்மைத் தேடி வந்த மரியாவிடமும் சூசையப்பரிடமும், தம் தந்தையின் இல்லத்தில் தாம் இருக்கவேண்டும் என்கிறார். வளர்ப்புத் தந்தையான சூசையப்பரின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்! அவர் கோபித்ததாக லூக்கா எழுதவில்லை. மகன் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பி, பணிந்து வாழ்ந்தார் என்றே எழுதுகிறார். தம் தந்தை யார் என்பதை அறிந்த மகனே, வளர்த்தவருக்குப் பணிந்த மகனாகவும் இருந்தார்.

எனவே, பெற்றோரே, அஞ்சாதீர்கள். திருமண வீட்டில் உறவினர் ஒருவரோ, சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரோ சொல்வதற்கு முன், நீங்களே சொல்லுங்கள். சிறு வயதிலேயே, மடியில் வைத்து, கதையாகச் சொல்லுங்கள்: "உன்னை நாங்கள் கடவுளிடம் கேட்டுப் பெற்றோம்." உறவினர்களே, அண்டை வீட்டாரே, அப்பிள்ளையைக் குத்திப் பேசும் சொல் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். மறைக்கப்பட்ட உண்மை பிள்ளையைக் காயப்படுத்தும். அன்போடு சொல்லப்பட்ட உண்மை உறவை உறுதிப்படுத்தும்.

புனித சூசையப்பரே, பிள்ளைகளை வளர்க்கும் எல்லாப் பெற்றோருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.