எழுந்து பேச ஏன் அஞ்சுகிறோம்?

ஞாயிறு திருப்பலிக்கு வாசகம் வாசிக்க ஆள் தேடும்போது எமது பங்குகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுண்டு: "எனக்கு உது சரிவராது பாதர், மாஸ்ரரைக் கேளுங்கோ." இப்படிச் சொல்பவர் பேசத் தெரியாதவர் அல்லர். வவுனிக்குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலில் எத்தனை நாள் ஓடும், எந்த வயலுக்கு எந்த இன நெல் பொருந்தும் என்பதையெல்லாம் வரம்பில் நின்று மணிக்கணக்காகச் சொல்லக்கூடியவர். அதே மனிதர் சிறுபோகத்துக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலும் கடைசி வாங்கில் இருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். தண்ணீர் திறக்கும் நாளும் விதைக்க வேண்டிய ஏக்கர் அளவும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. விடயம் தெரிந்தவர் வாய் திறவாதிருக்க, வாய் உள்ளவர் விடயம் தெரியாமலே பேசி முடித்துவிடுகிறார். பிறகு தேநீர்க் கடையில் நின்று குறைப்படுவதால் ஒரு துளி தண்ணீரும் கூடுதலாக வரப்போவதில்லை.

இந்தத் தயக்கத்துக்கு எம்மவரிடையே தனிப்பட்ட காரணங்களும் உள்ளன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்களில் பெருந்தொகையினர் அடுத்த ஆண்டில் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சியும் இடம்பெயர்ந்தது. மல்லாவியிலும் துணுக்காயிலும் ஒரே கோவிலுக்குள் பல ஊரவர் கூடினர். சொந்த ஊரில் தனக்குத் தெரிந்த இருபது குடும்பங்களின் முன் கூச்சமின்றிச் செபம் சொன்னவர், அறியாத முகங்களைக் கண்டு பின்வாங்கினார். யாழ்ப்பாணத்து ஆசிரியர் முன்னால் தன் பேச்சு வழக்கு எடுபடாது என்று வன்னிக் கமக்காரர் ஒதுங்கிக்கொண்டார். 2008இல் மல்லாவியே இடம்பெயர்ந்தது. அதன் பின் 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்படும் வரை முள்வேலி முகாம்களில் வாழ்ந்தவர்கள், வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு என்ற பாடத்தைப் படித்தார்கள். அப்படிப் பழகிய நாவை ஒரு நாளில் அவிழ்த்துவிட முடியாது.

பயம் வரும்போது உடலில் நடப்பது என்ன? பலர் முன் நிற்கையில் மனம் அதை ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. யானையைக் கண்டால் ஓடுவதற்கு எப்படி ஆயத்தமாகுமோ அப்படியே உடல் ஆயத்தமாகிறது. அட்ரீனலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உமிழ்நீர் குறைந்து நாக்கு ஒட்டுகிறது, கை நடுங்குகிறது. ஓடாமல் நின்று பேசத் தொடங்கினால், பெரும்பாலும் சில நிமிடங்களில் இது தணிந்துவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று வசனங்களைக் கடப்பதுதான் முழு வேலையும். நடுங்குகிறவர் விசுவாசம் குறைந்தவர் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

திருமறை நூலே இதற்குச் சாட்சி. மோசே ஆடு மேய்த்தவர். பாரவோனிடம் போ என்று ஆண்டவர் சொன்னபோது, தமக்கு நாவன்மை இல்லை, வாய் திக்கும் என்று சாட்டுச் சொன்னார். ஆண்டவர் அவருடைய திக்குவாயைத் திருத்தியதாக விடுதலைப் பயண நூலில் நாம் வாசிப்பதில்லை. துணைக்கு அண்ணன் ஆரோனைக் கொடுத்தார் என்றே வாசிக்கிறோம். (எமது அரசியலிலும் இதற்கு ஒப்பான ஒன்றைக் கண்டோம். கிறிஸ்தவரான தந்தை செல்வா முழங்கிப் பேசும் பேச்சாளர் அல்லர். கடைசிக் காலத்தில் நோயினால் குரல் தளர்ந்தபோது, அருகில் இருந்தவர்கள் கேட்டு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சனம் அதற்காக அவரைக் கேளாமல் விடவில்லை.) புனித பவுலும் கொரிந்து நகருக்குத் தாம் மிகுந்த அச்சத்தோடும் நடுக்கத்தோடும் வந்ததாக ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதங்கள் கனமானவை, பேச்சோ எடுபடாதது என்று அங்கே சிலர் குறை சொன்னதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

எமக்கு இன்னும் நெருக்கமானவர் பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜோன் மரிய வியானி. பிரான்ஸ் நாட்டில் 1786இல் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்து, வயலிலும் ஆட்டுப் பட்டியிலும் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பு பிந்தியே கிடைத்தது; இலத்தீன் தலையில் ஏற மறுத்தது. 1818இல் ஆர்ஸ் என்ற குக்கிராமத்துக்குப் பங்குத் தந்தையாக அனுப்பப்பட்டார். ஞாயிறு மறையுரை அவருக்குப் பெரும் சுமையாக இருந்தது. புத்தகங்களைப் பார்த்து முழுவதையும் எழுதி, பாடமாக்கி, தனியே நின்று உரக்கச் சொல்லிப் பழகுவார். அப்படியிருந்தும் பிரசங்க மேடையில் நடுவழியில் மறந்துபோய், முடிக்காமலே இறங்கிய நாட்களும் உண்டு. அடுத்த ஞாயிறு திரும்பவும் ஏறினார். காலப்போக்கில் எழுதிப் பாடமாக்குவதை விட்டு, முன்னால் இருந்த சனத்தைப் பார்த்து அவர்களுடைய வீடு, வயல், பறவை, பூச்சி என்று தெரிந்தவற்றைக் கொண்டே மறைக்கல்வி சொல்லத் தொடங்கினார். 1859இல் அவர் இறக்கும் காலத்தில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அந்தக் குக்கிராமத்துக்கு வந்துகொண்டிருந்தனர். தன் பேச்சு எப்படி இருக்கும் என்ற கவலை போய், கேட்பவருக்கு என்ன வேண்டும் என்ற கவலை வந்ததே அவரிடம் நிகழ்ந்த மாற்றம் என்று நாம் கருதுகிறோம்.

விசுவாசம் பேச்சுப் பயத்தில் செய்யும் வேலையும் இதுவே. வாசக மேடையில் நிற்பவர் தமது சொந்தச் சொல்லைக் கொண்டு வரவில்லை, அனுப்பப்பட்டு வந்திருக்கிறார். கடிதம் கொண்டுவரும் தபால்காரர் தம் அழகைப் பற்றிக் கவலைப்படுவதில்லை அல்லவா? அதற்காக, செபித்தால் போதும், ஆவியானவர் வாயில் சொல் தருவார் என்று ஆயத்தமின்றி வந்து நிற்போரை நாம் ஊக்குவிப்பதில்லை. மழைக்குச் செபிக்கிறவரும் வயலை உழுதுதான் வைக்கிறார்.

வாசகத்தை வியாழக்கிழமையே எடுத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு வாசியுங்கள். இரவுக் காவலுக்குப் போகும் கொட்டில் இதற்கு நல்ல இடம். அங்கே சிரிப்பவர் எவருமில்லை. தடக்குகிற பெயர்களைப் பிள்ளைகளிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். முதல் வசனத்தை மட்டும் பாடமாக்குங்கள். மேடைக்குப் போகுமுன் ஒரு குறுஞ்செபம் சொல்லி, மூச்சை மெதுவாக நீள வெளியே விடுங்கள். ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, கடைசி வாங்கில் இருக்கும் ஆச்சிக்குக் கேட்க வேண்டும் என்று எண்ணி வாசியுங்கள். பிழை வந்தால் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். "எனக்குப் பேசத் தெரியாது, மன்னிக்க வேண்டும்" என்று தொடங்குவது தாழ்ச்சியென்று பலர் நினைக்கிறார்கள். அது கேட்பவரின் காதை மூடிவிடுகிறது என்பதே எமது அனுபவம்.

பெண்களும் இதில் ஒதுங்க வேண்டியதில்லை. எமது கோவில்களில் பெண்கள் வாசகம் வாசிப்பது புதிதல்ல; ஆனால் திருச்சபைச் சட்டப்படி வாசகர் பணியில் நிலையாக ஏற்படுத்தப்படும் தகுதியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 சனவரியில்தான் பெண்களுக்கும் திறந்துவிட்டார். இரணைதீவை விட்டு 1992இல் வெளியேறிய கடற்றொழிலாளர் குடும்பங்கள் 2017 மே முதலாம் திகதி முழங்காவில் பகுதியில் போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரல் 23இல் வள்ளங்களில் தீவுக்குத் திரும்பியபோது முன்னின்று பேசியவர்களில் பெண்கள் பலர். குடும்பத் தலைவர் இல்லாத வீடுகளில் காணிக் கச்சேரிக்குப் போய் நிற்பவரும் தாய்தான்.

அங்கே குரலை விட விபரமே பேசும். 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை தம் குருக்களுடன் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சென்று, 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அன்றைய நிலையில் அது இலேசான காரியமல்ல. 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர் என்ற கச்சேரிக் கணக்கிலிருந்து, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் என்று ஐ.நா. நிறுவனம் கூறிய 2,82,380 பேரைக் கழித்து அவர் அந்த எண்ணைக் காட்டினார்.

உங்கள் காணிக்கும் அப்படியே ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள்: காணி எந்தத் திட்டத்தில், எத்தனை ஏக்கர், பெர்மிற் யார் பெயரில், எந்த ஆண்டு முதல் செய்தீர்கள், எப்போது இடம்பெயர்ந்தீர்கள். பெர்மிற் தொலைந்திருந்தால் எந்த இடப்பெயர்வில் தொலைந்தது என்பதையும் எழுதுங்கள். எல்லைக் காணிக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அலுவலர் இடையில் ஏதும் கேட்டால் பதிலைச் சொல்லிவிட்டு, தாளில் விரல் வைத்த இடத்திலிருந்து தொடருங்கள்.